குளத்து வண்டலில் தேதி பார்ப்பது எப்படி?

திருப்பூர் ராயபுரத்தில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்க் கட்டிங் டேபிளைப் பாருங்கள். உருளையிலிருந்து துணியை இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போவார்கள். முதலில் விரித்தது அடியில் கிடக்கும், கடைசியில் விரித்தது மேலே இருக்கும். நடுவில் சாய லாட் மாறியிருந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போதே தெரிந்துவிடும். ஒரே நீலம்தான், ஆனால் இந்த இடத்திலிருந்து கொஞ்சம் வெளிறியிருக்கும். அடுக்கை யாரும் கலைக்காதவரை எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று கட்டிங் மாஸ்டரைக் கேட்கவே வேண்டியதில்லை.

குளத்தின் அடியில் நடப்பதும் இதுதான். ஒவ்வொரு மழைக்கும் ஓடை மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஓட்டம் நின்று தேங்கும் இடத்தில் முதலில் மணல் விழும், அப்புறம் வண்டல், பல நாள் கழித்துக் களி. கூடவே இலைத் துணுக்கு, விதை, மகரந்தம், அடுப்புக் கரி, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடு, காற்றில் வந்த தூசி என்று அந்த வருடத்தில் சுற்றுவட்டாரத்தில் இருந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் படிகிறது. அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு விரிப்பு. இப்படிப் படிந்த சேற்றில் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி, உள்ளே இருப்பது கலையாமல் உருவி எடுத்தால், அந்த நிலத்தின் கடந்த காலம் ஒரு நீளமான தண்டாகக் கையில் கிடைக்கும்.

இதில் வரிசையைச் சொல்வது சுலபம், தேதியைச் சொல்வதுதான் கஷ்டம். அடியில் இருப்பது பழசு என்று யாரும் சொல்லிவிடலாம். இந்த ஒரு சென்டிமீட்டர் சேறு 1970-களில் படிந்தது என்று சொல்ல வேறு வழி வேண்டும்.

சில ஏரிகளில் எண்ணினாலே போதும். சுவீடனில் ஜெரார்ட் டி யேர் என்ற நிலவியலாளர், பழைய பனியாறுகள் உருகி விட்டுச்சென்ற களிமண் படிவுகளில் வெளிர், அடர் என மாறிமாறி வரும் கோடுகளைக் கவனித்தார். கோடையில் உருகிய நீர் கொண்டுவந்த நொய்மணல் வெளிர்க் கோடு. குளிர்காலத்தில் ஏரி உறைந்தபின் அமைதியாக இறங்கிய களி அடர்க் கோடு. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல இவற்றை எண்ணி, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளின் கணக்கை 1910-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நிலவியல் மாநாட்டில் முன்வைத்தார். ஜப்பானில் ஃபுகுயி மாநிலத்திலுள்ள சுய்கெட்சு ஏரி இதற்கும் மேல். அங்கே ஓர் ஆண்டின் படிவு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அப்படி 45 மீட்டர் தடிமனுக்கு, சுமார் 70,000 ஆண்டுகள், இடையில் கலையாமல் சேர்ந்திருக்கின்றன. சேற்றை மெல்லிய சீவல்களாக்கி, கண்ணாடியில் பதித்து, 45 மீட்டரையும் வரிசையாக நிறுத்தி 2018-இல் ஓர் அருங்காட்சியகமே அமைத்துவிட்டார்கள்.

அந்த ஏரிக்கு அப்படி என்ன சிறப்பு? ஆழம் அதிகம். சுற்றிலும் மலை இருப்பதால் காற்று தண்ணீரைப் புரட்டுவதில்லை. பெரிய ஆறு எதுவும் நேராக உள்ளே பாய்வதில்லை. அடியில் ஆக்சிஜன் இல்லை, அதனால் சேற்றைத் துளைக்கும் புழுவும் இல்லை. கனடாவின் கிராஃபோர்ட் ஏரியும் இப்படித்தான். அளவில் நம் ஊர்க் குட்டையைப்போலச் சிறியது, ஆனால் 20 மீட்டருக்கு மேல் ஆழம். அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலப்பதே இல்லை. மனிதர் பூமியை மாற்றத் தொடங்கிய காலத்துக்கு ஓர் அடையாள இடம் வேண்டும் என்று தேடிய அறிவியலாளர் குழு, 2023-இல் அந்த ஏரியின் சேற்றைத்தான் முன்மொழிந்தது. அந்தப் புதிய காலக்கூறு 2024-இல் ஏற்கப்படவில்லை என்றாலும், சேற்றிலுள்ள 1950-களின் அணுகுண்டுத் துகள் அங்கேயேதான் இருக்கிறது.

நம் கொங்குநாட்டுக் குளங்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஆண்டிபாளையம் குளமோ, சாமளாபுரம் குளமோ, நஞ்சராயன் குளமோ ஆழமற்று அகன்று கிடப்பவை. வறட்சி வந்தால் நீர் வற்றிச் சேறு பாளம்பாளமாக வெடிக்கும். மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து கீழே போகும். எருமை இறங்கி மிதிக்கும். கெளுத்தியும் விராலும் சேற்றுக்குள் குடையும். இதில் ஆண்டுக்கோடு எங்கே நிற்கும்? ஆகவே இங்கே எண்ண முடியாது, கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரங்களைச் சேற்றுக்குள்ளேயே இயற்கை வைத்திருக்கிறது.

முதல் கடிகாரம் ஈயம்-210. கல்லிலும் மண்ணிலும் சிறிதளவு யுரேனியம் எங்கும் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து வரும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. வாயு என்பதால் மண்ணைவிட்டுக் கிளம்பிக் காற்றில் கலக்கிறது. அங்கே சில நாட்களில் சிதைந்து ஈயம்-210 ஆகி, மழையோடும் தூசியோடும் இறங்கிக் குளத்துச் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய நாளிலிருந்து அது குறையத் தொடங்கும். சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகும், இன்னொரு 22 ஆண்டுகளில் கால்வாசியாகும். மேல்மண்ணில் 100 பங்கு இருந்து, ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் 25 பங்கு மட்டும் இருந்தால், அந்த ஆழம் ஏறத்தாழ 44 ஆண்டுகளுக்கு முன் படிந்தது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள்வரை இப்படிப் பின்னோக்கிப் போகலாம். அதற்கப்பால் அளக்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது.

கணக்கு இவ்வளவு எளிதாக அமைந்துவிடுவதில்லை. சேற்றுக்குள்ளேயே இருக்கும் ரேடியமும் கொஞ்சம் ஈயம்-210-ஐ உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைக் கழித்தாக வேண்டும், பாத்திரத்தோடு நிறுத்தால் பாத்திரத்தின் எடையைக் கழிப்பதுபோல. இதற்காகச் சேற்றைக் காற்றுப்புகாமல் அடைத்து மூன்று வாரம், ஒரு மாதம் வைத்திருந்து பிறகு அளக்கிறார்கள். இன்னொரு சிக்கல், எல்லா ஆண்டும் ஒரே அளவு மண் வருவதில்லை. பெருவெள்ளம் வந்த ஆண்டில் ஒரு சாண் மண் ஒரே வாரத்தில் இறங்கியிருக்கலாம். அந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொள்ளும் முறைகள் இருக்கின்றன.

ஈயம்-210 முறை ஏரிச் சேற்றுக்குப் பயன்படத் தொடங்கிய கதையில் நம் நாட்டுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த எஸ்.கிருஷ்ணசுவாமியும் தேவேந்திர லாலும் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1971-இல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் இத்துறையில் எல்லோரும் தொடங்கும் இடம். அவர்கள் எடுத்துக்கொண்ட ஏரிகள் மூன்று. இரண்டு ஐரோப்பாவில். மூன்றாவது மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா. ஊருக்குத் தண்ணீர் தரும் ஒரு சாதாரண நீர்த்தேக்கத்தின் சேறும் உலக அறிவியலுக்குப் பாடம் ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இரண்டாவது கடிகாரம் மனிதன் வைத்தது. அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் பூமியில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அளக்கத்தக்க அளவில் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் அது வானத்திலிருந்து உலகெங்கும் தூவப்பட்டது. 1963-இல் உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு வளிமண்டலத்தில் சோதனை கூடாது என்ற உடன்படிக்கை வந்ததும் குறைந்துவிட்டது. ஆகவே சேற்றுத் தண்டில் சீசியம் மிக அதிகமாக இருக்கும் இடம் 1963. உதாரணத்துக்கு, 2025-இல் எடுத்த தண்டில் 62 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்த உச்சம் இருந்தால், 62 ஆண்டுகளில் 62 சென்டிமீட்டர், அதாவது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வண்டல் சேர்ந்திருக்கிறது. ஈயக் கடிகாரம் சொன்னது சரியா என்று ஒத்துப்பார்க்க இது உதவும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் அன்று விழுந்ததே குறைவு, 30 ஆண்டுகளில் பாதியாகும் பொருள் என்பதால் விழுந்ததிலும் இன்று கால்பங்குதான் மிச்சம். அதனால் மிக நுட்பமான கருவி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் போவதென்றால் கார்பன்-14. உயிரோடு இருக்கும் செடி காற்றிலிருந்து அதை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்தபின் எடுப்பதில்லை. உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளில் பாதியாகும். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்ததும் இந்த முறையில்தான். சேற்றில் இதைப் பயன்படுத்தும்போது நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கே மண்ணுக்கடியில் பல இடங்களில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது, கிணற்று நீர் கடினநீர். அந்தச் சுண்ணாம்பிலுள்ள பழங்கால கார்பனை நத்தையும் நீர்ப்பாசியும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். நேற்றுச் செத்த நத்தையின் ஓடு பல நூறு ஆண்டுப் பழசுபோலக் காட்டும். எனவே கரையில் வளர்ந்த செடியின் விதை, இலை, கரித்துண்டு ஆகியவற்றைத் தேடிப் பொறுக்கித்தான் தேதி பார்க்க வேண்டும்.

இந்தக் கடிகாரங்களோடு சில குறிப்புச்சீட்டுகளும் சேற்றில் கிடைக்கும். சீமைக்கருவேலத்தின் மகரந்தம் இருக்கும் அடுக்கு 1877-க்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்த மரம் இந்தியாவுக்கு வந்ததே அப்போதுதான். பாலியஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டது 1941-இல். அந்த இழை ஒன்று சேற்றில் அகப்பட்டால் அதற்குப் பிந்தைய அடுக்கு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது, அதனால் சாலையோரக் குளங்களில் ஈயம் ஏறி இறங்கிய தடமும் ஒரு தேதிதான்.

தேதி கிடைத்தபின் என்ன படிக்கலாம்? நம் மலைகளிலிருந்தே சொல்கிறேன். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா போன்ற பள்ளங்களில் புல்லும் பாசியும் மட்கி ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. ஏரி இல்லை, சதுப்பு. ஆனால் கணக்கு ஒன்றுதான். ஆர்.சுகுமார், ஆர்.ரமேஷ், ஆர்.கே.பந்த், ஜி.ராஜகோபாலன் ஆகிய நால்வரும் அந்த மட்கில் உள்ள கார்பனை ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சோளம், கம்பு, கரும்பு வகையறாக்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. நெல்லும் மரங்களும் எடுக்கும் விதம் வேறு. முதல் வகை வறட்சியைத் தாங்கும், இரண்டாவது வகைக்கு ஈரம் வேண்டும். மட்கிப்போன பின்னும் இந்த வேறுபாடு கார்பனில் பதிந்திருக்கும். அதை வைத்து, பனியுகம் உச்சத்தில் இருந்தபோது நீலகிரியில் சோளவகைப் புற்கள் ஓங்கியிருந்தன, பருவமழை மெலிந்திருந்தது, பனியுகம் முடிந்தபின் மழை வலுத்து ஈரம் விரும்பும் செடிகள் திரும்பின என்று காட்டினார்கள். நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரியும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதிதான். அந்த மட்கில் பதிந்திருப்பது நம் ஆற்றுக்கு வந்த மழையின் வரலாறும்தான்.

பழனி மலையில் குக்கல் ஏரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஹேமா அச்யுதனும் உடன் ஆய்வாளர்களும் அதன் படிவுகளில் மகரந்தத்தையும் வேதிப்பொருட்களையும் சேர்த்துப் படித்து, ஏறத்தாழ 9,000 ஆண்டு மழை வரலாற்றை 2017-இல் வெளியிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் லோனார், விண்கல் விழுந்த பள்ளத்தில் உண்டான ஏரி. அங்கே எடுத்த 10 மீட்டர் சேற்றில் இரண்டு இடங்களில் மட்டும் கேலுசைட் என்ற படிகங்கள் இருந்தன. தண்ணீர் மிகவும் சுண்டி உப்பேறினால்தான் அவை வளரும். ஆகவே அந்த இரண்டு இடங்களும் இரண்டு நெடும் வறட்சிகள். ஒன்று சுமார் 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன், மற்றொன்று 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்.

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்காகக் கட்டியது. ஆனால் ஏற்றுமதி பெருகிய அந்த ஆண்டுகளில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவுநீர் அங்கேதான் போய்த் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு அமைத்தபின்தான் மீண்டும் திறக்க முடிந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. வண்டலைப் படிப்பவருக்கு இதில் வேறொன்று தெரியும். அந்த அணை தன் முதல் தேதியைத் தானே வைத்திருக்கிறது. அடியில் பழைய ஆற்றுப்படுகையும் வயல்மண்ணும், அதன்மேல் 1992 முதல் படிந்த வண்டல். ஊட்டி ஏரிக்கு 1820-கள், கொடைக்கானல் ஏரிக்கு 1863 என்பதுபோல, கட்டிய நாள் தெரிந்த ஏரியில் கணக்கு எங்கே தொடங்குகிறது என்ற சந்தேகமே இல்லை.

அந்தச் சேறு எதை நினைவில் வைக்கும், எதை மறக்கும் என்பதில்தான் வேலை இருக்கிறது. சாயம் ஏற்றும்போது தொட்டியில் மூட்டைமூட்டையாகப் போடும் உப்பு, நீரில் கரைந்து நீரோடு போய்விடும். சேறு அதை நேராகப் பிடித்துவைப்பதில்லை. கிணறுகளைப் பாழாக்கிய உப்பு, அது தேங்கிய இடத்திலேயே தடம் இல்லாமல் போகிறதே என்று தோன்றும். ஆனால் டயட்டம் என்ற நுண்பாசி இருக்கிறது. அதற்குக் கண்ணாடிபோன்ற மணற்சத்து ஓடு, செத்தாலும் அழியாது. நல்ல தண்ணீரில் வாழும் இனம் வேறு, உப்புத்தண்ணீரில் வாழும் இனம் வேறு. எந்த அடுக்கில் உப்பினம் ஓங்குகிறதோ அந்த ஆண்டுகளில் தண்ணீர் கரித்தது. உலோகங்கள் வேறு மாதிரி. செம்பு, குரோமியம், துத்தநாகம் ஆகியவை களிமண்ணில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. டர்க்காய்ஸ் ஷேடு போடும் சாயத்தின் மூலக்கூறிலேயே செம்பு இருக்கிறது என்பது சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். நிறம் மங்கிப்போனாலும் செம்பு போவதில்லை.

அணைக்குள் தண்ணீரைத் தேக்காமல் திறந்துவிட்டிருந்த நீண்ட காலமும் உண்டு. காய்ந்த சேறு வெடித்து, காற்றில் பறந்து, அடுத்த வெள்ளத்தில் அரித்துப் போயிருக்கும். அதனால் ஓரிடத்துத் தண்டை மட்டும் நம்பக்கூடாது, பல இடங்களில் எடுத்து ஒத்துப்பார்க்க வேண்டும்.

குளங்களுக்கு வந்தால் இன்னொரு முடிச்சு. நம் குளம் அவ்வப்போது தூர்வாரப்படும் என்ற கணக்கிலேயே கட்டப்பட்டது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருக்கிறது. வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது ஊரின் வழக்கம். நன்றாகப் பராமரித்த குளத்தில் பழைய அடுக்கு இருக்காது. அப்படியானால் எந்தக் காலத்து வண்டல் தங்கியிருக்கும்? ஊர் குளத்தைக் கைவிட்ட காலத்து வண்டல். திருப்பூர் வட்டாரத்தில் அது பெரும்பாலும் பட்டறைகளும் கம்பெனிகளும் பெருகிய பத்தாண்டுகள்தான். நாம் கவனிக்காமல் விட்ட அந்த வருடங்களைக் குளம் கவனித்து வைத்திருக்கிறது. இப்போது தூர்வாரும் ஆர்வம் திரும்ப வந்திருப்பது மிக நல்லது, குளத்துக்குத் தண்ணீர் வேண்டும், வயலுக்கு வண்டல் வேண்டும். ஆனால் டிப்பர் லாரி நிரம்பிப் போகும்போது, அந்த மண்ணோடு அந்த வருடங்களும் எவரும் ஒருமுறைகூடப் பார்க்காமல் போகின்றனவே என்று நினைத்தால் எனக்கு மனம் தாளவில்லை. அதிலும், ஆலையருகுக் குளத்து வண்டலில் உலோகம் எவ்வளவு என்று பாராமலே வயலில் கொட்டுகிறோம். தேதி பார்க்க எடுக்கும் அதே தண்டு அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பொக்லைன் இறங்குவதற்கு முன் ஒரு நாள். குளத்தின் ஆழமான பகுதி, பழைய மண் எடுத்த குழிகள் இல்லாத இடம். இரண்டு மீட்டர் பிவிசி குழாய் மூன்று. மெல்ல அழுத்தி இறக்கி, மேல்வாயை இறுக மூடி, வெற்றிடத்தின் பிடியில் மேலே இழுக்க வேண்டும். படுக்க வைத்தால் ஈரச்சேறு கலையும், நிறுத்தியேதான் கொண்டுபோக வேண்டும். ஒன்றைப் பிளந்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கி, காயவைத்து எடைபோடலாம். உலை உள்ள எந்தக் கல்லூரியிலும் 550 டிகிரியில் எரித்து மறுபடி எடைபோட்டால், குறைந்த எடை அந்த அடுக்கிலிருந்த மட்கின் அளவு. நஞ்சராயன் குளம்போலப் பறவைகள் கூடும் இடமென்றால், எச்சத்தின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எந்த ஆழத்தில் ஏறத் தொடங்குகின்றன என்றும் பார்க்கலாம். ஈயம்-210-க்கும் கார்பனுக்கும் மட்டும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம் போன்ற பெரிய ஆய்வகங்களின் துணை வேண்டும். மற்ற இரண்டு குழாய்களையும் திறக்காமல் குளிரறையில் வைத்திருக்கலாம், நாளை இன்னும் நல்ல கருவியோடு ஒருவர் வருவார்.

குழாயின் மேல் அழியாத மையால் குளத்தின் பெயர், எடுத்த தேதி, கரையிலிருந்து தூரம், தண்ணீரின் ஆழம் எழுத வேண்டும். இரண்டு முனைகளில் எது மேல் என்பதையும் அங்கேயே, சேற்றில் நிற்கும்போதே, அம்புக்குறி போட்டு எழுதிவிட வேண்டும்.